ஜிமேட் கிரிட்டிகல் ரீசனிங்: ஆப்ஷனைப் பார்ப்பதற்கு முன் எழுத வேண்டிய ஒரு வரி

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வு 2023 நவம்பரில் புது வடிவத்துக்கு வந்தபோது, அதன் வெர்பல் பகுதியிலிருந்து வாக்கியப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன் போய்விட்டது. இப்போது அதில் இரண்டே வகைதான்: நீளமான பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, சின்ன வாதம் ஒன்றை எடைபோடுவது. 23 கேள்வி, 45 நிமிடம். கேள்விக்கு முழுசாக இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டாவது வகையான கிரிட்டிகல் ரீசனிங்குக்கு எப்படிப் பயிற்சி எடுத்தால் பலன் கிடைக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சட்டப் படிப்புக்கான எல்சாட் எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். 2024 ஆகஸ்டிலிருந்து அதில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது, மதிப்பெண் உண்டான மூன்று பகுதிகளில் இரண்டு இந்த மாதிரிக் கேள்விகளே.

முதலில் கேள்வியைப் படிக்க வேண்டும், அப்புறம்தான் வாதம். வாதத்தைப் பலவீனப்படுத்தச் சொல்கிறார்களா, பலப்படுத்தச் சொல்கிறார்களா என்று தெரியாமல் படித்தால் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டிவரும். அடுத்து முடிவு எந்த வாக்கியம் என்று பிடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஆகவே’ போட்டு, முன்னும் பின்னுமாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எந்த வரிசை இயல்பாக நிற்கிறதோ, அதில் ‘ஆகவே’வுக்குப் பின்னால் வருவதுதான் முடிவு. முடிவு கடைசி வரியில்தான் இருக்கும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். முதல் வரியிலேயே வைப்பதும் உண்டு. தடித்த எழுத்தில் இரண்டு பகுதிகளைக் காட்டி அவற்றின் வேலை என்ன என்று கேட்கும் கேள்விகளுக்கு இந்த ‘ஆகவே’ சோதனையே பாதி விடை.

மூன்றாவது படிதான் உயிர். ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே எங்கே இடைவெளி என்று ஒரே வரியில் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். அதுதான் நல்லது என்றும் சொல்வேன். ஆங்கிலத்தில் எழுதினால் பத்தியில் உள்ள சொற்களே திரும்ப வந்து விழும், புரிந்ததா இல்லையா என்பது நமக்கே தெரியாது.

ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஒரு மாவட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்த விவசாயிகள், அமைக்காதவர்களைவிட ஏக்கருக்கு 30 சதவீதம் அதிக விளைச்சல் எடுக்கிறார்கள். ஆகவே மற்றவர்களுக்கும் அரசு சொட்டுநீர் அமைத்துக்கொடுத்தால் அவர்களுடைய விளைச்சலும் 30 சதவீதம் உயரும்.’ இதைப் பலவீனப்படுத்த வேண்டும். எழுத வேண்டிய வரி: ‘போட்டவர்களும் போடாதவர்களும் மற்றபடி ஒரே மாதிரியா?’

இப்போது ஆப்ஷன்கள். ‘குழாயில் உப்பு அடைக்கும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.’ உண்மைதான், கிராமத்தில் வளர்ந்தவர்கள் உடனே இதைத் தொடுவார்கள். ஆனால் அந்த அடைப்போடு சேர்த்துத்தானே 30 சதவீதம் வந்தது? ‘மானியம் கைக்கு வர மாதக்கணக்காகும்.’ அமைத்துக்கொடுத்தால் என்னவாகும் என்பதுதான் வாதம். எப்போது கொடுப்பார்கள் என்பது அதில் இல்லை. ‘சொட்டுநீர் இல்லாத சிலரும் நல்ல விளைச்சல் எடுக்கிறார்கள்.’ சிலர் என்றால் ஒருவராகவும் இருக்கலாம், அது சராசரியை அசைக்காது. ‘சொட்டுநீர் போட்ட நிலங்களில் தண்ணீர்ச் செலவு குறைந்தது.’ சொட்டுநீருக்கு நல்ல பேர் வாங்கித்தருகிறது, விளைச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘அமைத்தவர்களில் பெரும்பாலோர் அமைப்பதற்கு முன்பிருந்தே மற்றவர்களைவிட அதிகம் எடுத்துவந்தவர்கள்.’ நாம் எழுதிய வரியை நேராகத் தொடுவது இது ஒன்றே. அந்த வரி இல்லாமல் போனால் உப்பும் மானியமும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், ஏனென்றால் அவை நமக்குத் தெரிந்த உண்மைகள்.

இதே வாதத்தில் அனுமானம் எது, அதாவது வாதம் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பி நிற்பது எது என்று கேட்டால், ஆப்ஷனை மறுத்துப் பார்க்க வேண்டும். ‘மற்றவர்களின் கிணற்றில் சொட்டுநீருக்குப் போதுமான தண்ணீராவது இருக்கிறது’ என்பது ஆப்ஷன் என்று வையுங்கள். இல்லை என்று மறுத்தால் வாதம் சரிந்துவிடுகிறது, ஆகவே அது அனுமானம். மறுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘எல்லோரும் வந்தார்கள்’ என்பதன் மறுப்பு ‘ஒருவரும் வரவில்லை’ அல்ல, ‘வராதவர் ஒருவராவது உண்டு’. எதைத் தெரிந்துகொண்டால் வாதத்தை எடைபோடலாம் என்று கேட்டால், ஆப்ஷனில் உள்ள கேள்விக்கு இரண்டு எதிரெதிரான பதில்களைப் போட்டுப் பாருங்கள். ‘சொட்டுநீர் போடும் முன் அவர்களுடைய விளைச்சல் எவ்வளவு?’ மற்றவர்களுக்குச் சமம் என்றால் வாதம் பலப்படுகிறது. அப்போதே 30 சதவீதம் அதிகம் என்றால் விழுகிறது. இரண்டு பதிலுக்கும் வாதம் அசையாமல் நின்றால் அந்த ஆப்ஷனை விட்டுவிடலாம்.

‘ஒன்லி இஃப்’ வந்தால் தமிழ் நமக்குப் பெரிய துணை. ‘மழை பெய்தால் விளையும்’, ‘மழை பெய்தால்தான் விளையும்’ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் இல்லை. முதலாவதில் மழை போதும். இரண்டாவதில் மழை வேண்டும், ஆனால் மழை மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. ‘ஒன்லி இஃப்’ கண்ணில் பட்டால் ‘-ஆல்தான்’ போட்டு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிவிடுங்கள். எல்சாட்டில் இது அடிக்கடி தேவைப்படும்.

அளவு விஷயம். முதல் மூன்று வாரம் கடிகாரமே வேண்டாம்; நாளுக்கு 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி வரி. போட்ட நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் திருப்பிப் பார்ப்பதற்கு. நாளுக்கு 40 போட்டுவிட்டு விடையை மட்டும் சரிபார்ப்பவர்கள் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறார்கள், ஏனென்றால் அதே தவறைத்தான் 40 தடவை பழகுகிறார்கள். நான்காவது வாரத்திலிருந்து ஐந்து ஐந்தாக, 10 நிமிடக் கெடுவில். எழுதும் வரி அப்போது இரண்டு மூன்று சொல்லாகச் சுருங்கும், பிறகு மனதுக்குள்ளேயே போய்விடும். ஜிமேட் நடத்துகிறவர்களே இலவசமாகத் தரும் இரண்டு மாதிரித் தேர்வுகளை இந்தக் கட்டம் தாண்டும்வரை தொடாதீர்கள். ஆரம்பத்திலேயே செலவழித்துவிட்டால் உண்மையான அளவுகோல் கையில் இருக்காது.

தவறுகளுக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள். சரியான விடை ஏன் சரி என்று எழுதுவதோடு நிறுத்தினால் பலன் பாதிதான். தப்பான ஆப்ஷன் நமக்கு ஏன் பிடித்தது என்பதை எழுத வேண்டும். ‘பலவீனப்படுத்தச் சொன்னார்கள், பலப்படுத்துவதை எடுத்தேன்.’ ‘எண்ணிக்கையைச் சதவீதமாக நினைத்தேன்.’ ‘வெளியில் தெரிந்ததை உள்ளே கொண்டுவந்தேன்.’ இப்படி. ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நோட்டில் அனுமதிக்காதீர்கள், அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. 60, 70 கேள்வி தாண்டியதும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அந்த வகையை மட்டும் எடுத்து ஒரு வாரம் போடுங்கள். தவறியவற்றைப் பத்து நாள் கழித்து நோட்டைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். விடை நினைவில் இருந்தாலும் காரணத்தைச் சொல்ல முடியாவிட்டால் அது தவறுதான்.

தேர்வில் ஒரு பகுதிக்கு மூன்று விடைகள்வரை திரும்பிப்போய் மாற்றலாம். கேள்விகளை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும், ஆகவே ஒரு கேள்வியில் இரண்டரை நிமிடம் தாண்டினால் இருப்பதில் நல்லதைத் தொட்டு, புக்மார்க் போட்டு நகர்ந்துவிடுங்கள். கடைசியில் நேரம் மிஞ்சித் திரும்பி வரும்போது, பழைய விடை ஏன் தப்பு என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் மாற்றுங்கள். வெறும் சந்தேகமாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.