ஒரு வரி மாத்துனதுக்கு இவ்ளோ நேரமா?

கோடுல ஒரே ஒரு வரி மாத்திட்டு பில்டு (கோடை ஓடுற புரோகிராமா மாத்துற வேலை) போட்டா, கம்பைல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டெர்மினல் அப்படியே நிக்குது. ரொம்ப நாளா கம்பைலர் மேலதான் சந்தேகம். நேத்து எஸ்ட்ரேஸ் (ஒரு புரோகிராம் சிஸ்டத்துகிட்ட என்னென்ன கேக்குதுன்னு காட்டுற டூல்) போட்டுப் பாத்தேன், திரை முழுக்க ஓப்பன்அட் ஓப்பன்அட்னு, அதாவது எதையாவது திறக்கச் சொல்லியே ஓடுது, எல்லாமே நோட் மாட்யூல்ஸ்ங்கற வெளி லைப்ரரி ஃபோல்டர் உள்ள, அதைத்தான் வேணாம்னு ஒதுக்கி வச்சிருக்கோமே!

விஷயம் என்னன்னா, பில்டு ஸ்கிரிப்ட்ல ஃபைல் தேடுற ஃபைண்ட் கமாண்டுக்கு, அந்த ஃபோல்டரை ஒதுக்க நாட் பாத்னு ஒரு ஆப்ஷன் குடுத்திருந்துச்சு. அது ஃபோல்டருக்குள்ள அடி வரைக்கும் போய் ஒவ்வொரு பேரா பாத்துட்டு அப்புறம்தான் தள்ளிவிடும். அதுக்கு பதிலா ப்ரூன்ங்கற ஆப்ஷன் குடுத்தா வாசல்லயே திரும்பிடும். மாத்துனேன், அந்தக் காத்திருப்பே போச்சு. ரெண்டுலயும் வர்ற ஃபைல் லிஸ்ட் ஒண்ணுதான், அதனாலதான் இத்தனை நாள் யார் கண்ணுலயும் படல.

நின்ஜாங்கற பில்டு டூல் பொறந்ததும் இந்த மாதிரி கடுப்புலதான். க்ரோம் பிரவுசருக்கு அடித்தளமான க்ரோமியத்துல 30,000 சோர்ஸ் ஃபைலுக்கு மேல, ஒரு ஃபைல் மாத்துனா மத்த பில்டு சிஸ்டம் வேலைய தொடங்கவே 10 செகண்டு ஆச்சுன்னு நின்ஜா மேனுவல்லயே இருக்கு. நின்ஜா ஃபைல் தேடி அலையவே அலையாது, எது எதுன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடணும். எனக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிச்சிருக்கு.