பாசிக்காரி மக

மூணு நாளா எங்க வீட்டு மாடில அப்பாவோட பழைய வேட்டி நீலமா காயுது, அதுல அம்மா கை, சித்தி கை, நடுவுல அம்மா கடல்ல எடுக்குற மரிக்கொழுந்துப் பாசி ஒரு கொத்து, எல்லாம் வெள்ளையா விழுந்திருக்கு. சயனோடைப்னு பேரு. ரெண்டு இரும்பு உப்பைக் கரைச்சுக் கலந்து துணில தடவி இருட்டுல காயவச்சு, மேல பாசியை பரப்பி வெயில்ல வச்சு தண்ணில அலசுனா வெயில் பட்ட இடம் நீலம், நிழல் விழுந்த இடம் வெள்ளை, அவ்ளோதான். 1843லயே இங்கிலாந்துல அன்னா அட்கின்ஸ்னு ஒரு அம்மா கடல்பாசியை இப்படித்தான் பதிச்சு புத்தகமா போட ஆரம்பிச்சாங்க. அங்க வெயிலுக்கு என்ன பண்ணாங்களோ, பாம்பன்ல அந்தக் கவலையே இல்ல 😄

அம்மா கைய வச்சப்ப பழக்கதோஷத்துல பாசி எடுக்கப் போற மாதிரியே விரல்ல துணி சுத்திக்கிட்டு வந்துட்டாங்க, பாறைல கீறாம இருக்கச் சுத்துவாங்கல்ல, அதான் பிரிண்ட்ல விரல் எல்லாம் தடிதடியா இருக்கு, ஓரத்துல நூல் பிரிஞ்சது கூட தெரியுது. எடுத்துட்டு திரும்ப வைங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு, நல்லவேள சொல்லல.

வாட்ஸப் குரூப்ல போட்டா தெருவுல பாதிப் பேரு எங்க கையும் வைக்கணும்னு நிக்கிறாங்க, வேட்டிக்கு எங்க போக.

ஸ்கூல்ல "பாசிக்காரி மக"ன்னு கூப்பிட்டதுக்கு எத்தனை நாள் அழுதுருக்கேன். இன்னைக்கு ப்ரொஃபைல் படம் அந்தக் கைதான், பயோவும் அதேதான்.

அம்மாட்ட சோப்பு மட்டும் போட்றாதீங்கன்னு சொல்லிருக்கேன், காரம் பட்டா நீலம் வெளுத்துரும். கேப்பாங்களான்னு தெரியல.