வெண்டர் கணினிக்கு யார் அட்மின்?

ஆலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் அளவிடும் கருவிகளை விற்கும் நிறுவனத்தில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கருவி தனியாக வராது. அதை ஓட்டும் மென்பொருளைப் போட்டு, ஒரு கணினியையும் சேர்த்தே அனுப்புகிறோம். கருவியைப் பயன்படுத்துகிறவருக்கு அந்தக் கணினி கருவியின் ஒரு பாகம். அவருடைய ஐ.டி. துறைக்கோ, தாங்கள் வாங்காத, தாங்கள் நிறுவாத ஒரு விண்டோஸ் மெஷின் தங்கள் நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கிறது. அதில் எதையும் மாற்ற அனுமதி தரும் அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்க வேண்டும் என்ற பேச்சு, கருவியை இறக்கிவைத்த அன்றே ஆரம்பித்துவிடும்.

எங்கள் தரப்பில் சொல்வது இதுதான்: மென்பொருளைக் குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்பில் சோதித்திருக்கிறோம், யாராவது இடையில் எதையாவது மாற்றினால் அளவீடு சரியாக வரும் என்று எங்களால் உறுதி தர முடியாது. நியாயமான பேச்சுதான். ஆனால் இதைச் சொல்லியே எங்களைப் போல் கருவி விற்கும் பல வெண்டர்கள் வருடக்கணக்கில் எந்த அப்டேட்டும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் (திருத்த அப்டேட்) வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் மட்டும் 1,220 நோயறிதல் கருவிகள் பாதிக்கப்பட்டன. அதற்கும் முன்னால், 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் உள்ளே வந்தது, குளிரூட்டும் வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் லாகினை வைத்து. அதனால் ஐ.டி. ஆள் ஒருவர் “சார், எங்க நெட்வொர்க்ல இருக்கிற எல்லா மெஷினும் எங்க பாலிசிக்குள்ளதான் வரணும்” என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் பயப்படக் காரணம் இருக்கிறது.

இதற்குப் பெரும்பாலான இடங்களில் செய்யும் சமரசம், ஒரே அட்மின் பாஸ்வேர்டை இரு தரப்பும் வைத்துக்கொள்வது. எனக்குப் பிடிக்காத ஏற்பாடு இது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கணினியின் பதிவேடான லாகைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் எதிரில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றுதான் இருக்கும். சில வெண்டர்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டை வைக்கிறார்கள். வேலையை விட்டுப் போன எஞ்சினியருக்கும் அது தெரியும். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இன்னொரு வகைச் சிக்கல் சத்தமில்லாமல் வரும். கணினியை ஐ.டி. துறை, நிறுவனக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர்க்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யார் யார் இருக்கலாம் என்ற பட்டியல், டொமைனிலிருந்து கணினிகளுக்கு இறங்கும் விதித்தொகுப்பான குரூப் பாலிசியில் இருக்கும். அதில் எங்கள் சர்வீஸ் கணக்கு இருக்காது. பாலிசி இறங்கியதும் எங்கள் கணக்கு குழுவிலிருந்து போய்விடும். நேரில் போகும் எஞ்சினியர் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடங்குவார். குரூப் பாலிசி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு மணி நேரம் வரை தள்ளி, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இன்ஸ்டாலேஷன் பாதியில் இருக்கும்போது கணக்கு மறுபடி காணாமல் போகும். ‘கணினியில் வைரஸ் இருக்கிறதோ’ என்று எஞ்சினியர் தேட ஆரம்பிப்பார். டொமைனில் சேர்த்தவர், சேர்க்கும் முன் ஒரு வரி மெயில் போட்டிருந்தால் போதும்.

ஸ்கிரீன் லாக்கும் அப்படித்தான். பதினைந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அலுவலகக் கணினிக்கு நல்ல விதி. இரவு முழுக்க ஓடும் கருவியின் கணினியில் கதை வேறு. மாலை ஷிஃப்டில் ஒருவர் தன் கணக்கில் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டுப் போகிறார். காலையில் வருபவருக்குத் திரை பூட்டியிருக்கிறது. அலாரம் வந்திருந்தாலும் தெரியாது. தன் கணக்கில் நுழைந்து மென்பொருளைத் திறந்தால், கருவி வேறொரு செஷனின் பிடியில் இருக்கிறது என்று மறுக்கும். வேறு வழி தெரியாமல் ரீஸ்டார்ட் செய்வார். அந்த ஓட்டம் போச்சு, சாம்பிளும் போச்சு. ஓர் ஆய்வகத்தில் இதற்கு ஐ.டி. ஆட்களே வழி சொன்னார்கள்: அந்த ஒரு கணினிக்கு மட்டும் லாக் விதியிலிருந்து விலக்கு, பதிலுக்கு அந்தக் கணக்கில் மெயிலும் இணையமும் கிடையாது, அறைக்குள் நுழைய கார்டு வேண்டும். விதி எதற்காக இருக்கிறதோ அது காப்பாற்றப்பட்டது, ஆய்வும் நிற்கவில்லை. இப்படி யோசிக்கும் ஐ.டி. ஆள் கிடைத்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்டேட் விஷயத்தில் யார் பட்டனை அழுத்துவது என்பதைவிட, அழுத்தும் முன் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு கணினியின் மென்பொருள் இன்னொரு கணினியின் மென்பொருளோடு பேச உதவும் விண்டோஸ் வசதியான டிகாமின் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் இறுக்கியதை எடுத்துக்கொள்ளலாம். முதல் அப்டேட் 2021 ஜூனில் வந்தது. 2022 ஜூனில் அது தானாகவே அமலுக்கு வந்தது, ஆனால் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அணைத்துவைக்க வழி இருந்தது. 2023 மார்ச் 14 முதல் அந்த வழியும் இல்லை. கருவிகளின் அளவீட்டை மற்ற கணினிகளுக்குக் கொண்டுபோகும் பழைய ஓ.பி.சி. இணைப்புகள் எல்லாம் டிகாமை நம்பியவை. வெண்டர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம் இருந்தது. அதைப் பயன்படுத்தாத வெண்டர், ஐ.டி. துறையைக் குறை சொல்ல முடியாது. அதே சமயம், இப்படி அப்டேட் இறங்கிய ஓர் ஆலையில் அளவீடுகள் சர்வருக்குப் போவது நின்றது. கருவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேபிளையும் ஃபயர்வாலையும் எல்லாரும் சோதித்து முடித்த பிறகுதான், ஈவென்ட் லாகில், டிகாம் இணைப்பு மறுக்கப்பட்டதைக் காட்டும் 10036 என்ற எண் வரிசையாக நிற்பதை ஒருவர் பார்த்தார். நேற்று இரவு அப்டேட் போட்டோம் என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் அங்கேதான் பார்த்திருப்போம்.

நான் இப்போது நிறுவுதலுக்கு முன்பே கேட்பவை சில. எங்கள் கணினிகளுக்கு டொமைனில் தனி ஓ.யூ. (கணினிகளின் தனிப் பிரிவு), அதற்கென்று தனி பாலிசி. எங்கள் எஞ்சினியர் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் கணக்கு. அவர் விலகினால் அன்றே நாங்கள் சொல்ல வேண்டும், அவர்கள் அதை மூட வேண்டும். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் வசதி தானாக மாற்றிக்கொண்டே இருக்கட்டும், தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறோம். ரிமோட் இணைப்பு எப்போதும் மூடியே இருக்கட்டும், நாங்கள் கேட்கும் நேரத்துக்கு மட்டும் அவர்கள் திறக்கட்டும். இந்தக் கடைசி விஷயத்தில் எங்கள் ஆட்களே என்னோடு சண்டை போடுகிறார்கள்; நள்ளிரவில் கருவி நின்றால் யாரை எழுப்பிக் கேட்பது என்கிறார்கள். சரியான கேள்வி. அதனால் இரு தரப்பிலும் இரவில் போன் எடுக்கும் ஒருவரின் எண்ணையும் ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல்கிறேன்.

தீராமல் இருப்பது பணம்தான். வழக்கமான விண்டோஸ் 10 பதிப்புகளுக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இப்படிக் கருவிகளோடு வரும் கணினிகளுக்கான, நீண்டகால ஆதரவுள்ள ஐ.ஓ.டி. எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்புக்கோ 2032 ஜனவரி வரை அப்டேட் உண்டு. வாங்கும்போது இந்த வித்தியாசத்தைக் கேட்டவர் அனேகமாக யாரும் இல்லை, விற்றவர்களும் சொல்லவில்லை. கருவி இன்னும் பத்து வருடம் ஓடும், அதன் கணினி இப்போதே மாற வேண்டும். மாற்றும் செலவு யாருடையது என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அட்மின் உரிமையை விட்டுத்தர மாட்டோம் என்று நின்ற வெண்டர்தான் அந்தச் செலவில் பெரும்பங்கை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் விற்பனைப் பிரிவிடம் இதை எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.