டிரான்ஸ்ஃபர் விதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

நான்-ஸ்டாண்டர்ட் பகுப்பாய்வையும் கணிமைக் கோட்பாட்டையும் ஒரே பருவத்தில் படித்தேன். முன்னதில் எந்த இயல் எண்ணையும்விடப் பெரிய எண்கள் சாதாரணமாக நடமாடும்; வழக்கமான எண்களில் மெய்யானது அந்தப் பெரிய உலகிலும் மெய் என்பதே அங்கே டிரான்ஸ்ஃபர் விதி. பின்னதில் ஒரு நிரல் முடிவுறு படிகளில் செய்து முடிப்பதற்கு மட்டுமே மதிப்பு. ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று தனித்தனிக் குறிப்பேடு போட்டேன். வாய்மொழித் தேர்வில் அதற்குப் பலன் கிடைத்தது.

டென்னன்பாம் தேற்றத்தை நிறுவச் சொன்னார்கள். பியானோ எண்கணிதம் என்பது இயல் எண்களின் கூட்டல், பெருக்கல், தொகுத்தறிதல் ஆகியவற்றுக்கான அடிப்படை விதிகள்; அவ்விதிகள் எல்லாம் மெய்யாகும் எண் உலகம் அதன் மாதிரி. 0, 1, 2 என்ற வழக்கமான எண்கள் ஸ்டாண்டர்ட்; அவற்றுக்கு அப்பாலும் எண்கள் உள்ள மாதிரி நான்-ஸ்டாண்டர்ட். பியானோ எண்கணிதத்தின் எண்ணத்தக்க (உறுப்புகளை 1, 2, 3 என வரிசைப்படுத்தக்கூடிய) நான்-ஸ்டாண்டர்ட் மாதிரி எதிலும் கூட்டலைக் கணிக்க நிரல் கிடையாது என்னும் 1959-ஆம் ஆண்டுத் தேற்றம் அது. "ஸ்டாண்டர்ட் எண்களின் மீது தொகுத்தறிதலைப் பயன்படுத்தினால்..." என்று தொடங்கியதுமே தேர்வாளர் கையை உயர்த்திவிட்டார். ஸ்டாண்டர்ட் என்ற பண்பை எண்கணித மொழியில் எழுதவே முடியாது. முடிந்தால், 0 ஸ்டாண்டர்ட், n ஸ்டாண்டர்ட் என்றால் n+1-உம் ஸ்டாண்டர்ட், ஆகவே மாதிரியில் எல்லா எண்ணும் ஸ்டாண்டர்ட் என்றாகிவிடும். இந்தப் பிழையை ஒருமுறையாவது செய்யாதவர் இப்பாடத்தைப் படித்திருக்கிறாரா என்பது என் சந்தேகம்.

நிறுவலைப் பிறகுதான் ஒழுங்காக எழுதினேன். A, B என்று பொது உறுப்பில்லாத இரு கணங்கள். இரண்டையும் நிரலால் பட்டியலிடலாம், ஆனால் கணிக்கத்தக்க எந்தக் கணத்தாலும் பிரிக்க முடியாது, அதாவது A முழுதும் உள்ளே, B முழுதும் வெளியே என்று அமையும் அத்தகைய கணம் கிடையாது. எந்த ஸ்டாண்டர்ட் படிவரை பார்த்தாலும் அவை மோதுவதில்லை. எண்கணித மொழியில் எழுதத்தக்க இந்தப் பண்பு ஸ்டாண்டர்ட் எண்களோடு நிற்காமல் ஏதோவொரு நான்-ஸ்டாண்டர்ட் N வரை வழிந்துவிடும்; நின்றுவிட்டால் ஸ்டாண்டர்ட் என்ற பண்பையே அந்த மொழியில் எழுதியதாகிவிடும். N படிகளுக்குள் A-யில் சேர்ந்தவற்றை c என்ற ஒரே எண்ணில் பொதியலாம்: n-ஆம் பகா எண் c-யை வகுத்தால் n உள்ளே. கூட்டல் கணிக்கத்தக்கதானால் அந்த வகுத்தலையும் நிரலால் தேடிக் கண்டுபிடிக்கலாம். A-யும் B-யும் பிரிந்துவிடும். முரண்.

இங்கே கவனியுங்கள்: c நமக்கு A-யைத் தரவில்லை, A-யைச் சேராத எண்களும் அதில் வந்திருக்கலாம்; பிரிக்கும் ஒரு கணத்தை மட்டுமே தருகிறது. ஸ்டாண்டர்ட் உலகில் மெய்யான, எண்கணித மொழியில் எழுதத்தக்க எதுவும் பெரிய உலகிலும் மெய் என்னும் டிரான்ஸ்ஃபர் விதி கைவசம் இருந்தால் கதையே வேறு. என்றும் நிற்காத நிரல், N படிகளிலும் நிற்காது. ஆக, N படிகளுக்குள் நின்றதா என்று பார்த்தாலே, ஒரு நிரல் என்றாவது நிற்குமா என்று கேட்கும் நிற்றல் சிக்கலுக்கு விடை. எந்த நிரலாலும் தர முடியாத விடையை ஒற்றை விதி தந்துவிடுகிறது. நான்-ஸ்டாண்டர்ட் பகுப்பாய்வு என்று ராபின்சன் 1960-களில் வகுத்த முறையின் முழு வலிமையும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரிய உலகைக் கட்டப் பயன்படும் அல்ட்ராஃபில்டர் என்னும் கணத் தொகுப்புகளில் தொடங்காதீர்கள், நான் ஆறு வாரம் அங்கேயே தேங்கினேன். மேற்கண்ட இரு வாதங்களையும் அருகருகே எழுதி, டிரான்ஸ்ஃபர் எந்த வரியில் நுழைகிறது என்று அடிக்கோடிடுங்கள். பிறகு ஒரு பயிற்சி: பியானோ எண்கணிதம் முரணற்றது என்று கொண்டு, "பியானோ எண்கணிதம் முரணானது" என்ற கூற்று மெய்யாகும் ஒரு மாதிரியை, தன் முரணின்மையைப் பியானோ எண்கணிதமே நிறுவ முடியாது என்னும் கோடலின் தேற்றத்தின் உதவியால் எடுத்துக்கொள்ளுங்கள். முரணைத் தேடும் நிரல் அந்த மாதிரிக்குள் நின்றுவிடும். எந்தப் படியில் என்று எழுதிப் பாருங்கள்.