தடியான ஒயர் நல்ல ஒயரா?

எங்கள் சர்வீஸ் பெஞ்சுக்கு வருகிறவற்றில் போர்டே போனவை குறைவு. பெரும்பாலும் ஒயர், இல்லாவிட்டால் கனெக்டர். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் அமைப்பில்) வைத்து ஒயரைச் சும்மா போட்டுப் பார்த்தால் பீப் ஒழுங்காக வரும். கனெக்டரின் கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்தால் விட்டுவிட்டுக் கேட்கும். ஒயர் நடுவில் அறுவது அபூர்வம். வளைகிற ஒயர் வளையாத பிளாஸ்டிக்குக்குள் நுழையும் அரை அங்குலத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. அந்த வளைவைப் பரவலாக்கத்தான் அங்கே வரிவரியாக ஒரு ரப்பர் கழுத்து வைக்கிறார்கள். மலிவு ஒயரிலும் அது இருக்கும். ஆனால் கல்லு மாதிரி இருக்கும்.

சால்டரும் இதே வம்பைத்தான் செய்யும். இழைகளுக்குள் ஏறிய ஈயம் ஏறிய தூரம் வரை ஒயரை விறைப்பாக்கிவிடும். அது முடிகிற விளிம்பில் ஒடியும். அதனால்தான் வண்டி ஹார்னஸ்களில், அதாவது ஒயர் கட்டுகளில், கிரிம்ப்: டெர்மினல் என்கிற உலோக முனையை ஒயர் மேல் நசுக்கி இறுக்குவது. சரியான கிரிம்பில் இழைகளும் டெர்மினலும் இடையில் காற்று புகாதபடி நசுங்கி இறுகியிருக்கும். நல்ல யூனிட்டுகளில் கிரிம்பின் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளப்பார்கள், சாம்பிளை இழுத்து எவ்வளவு விசைக்குக் கழல்கிறது என்று பார்ப்பார்கள், சிலவற்றைக் குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள். கட்டிங் பிளையரால் நசுக்கியதும் அன்றைக்கு வேலை செய்யும். இடைவெளியில் ஈரம் புகுந்த பிறகுதான் தெரியும்.

"கழற்றி மாட்டினேன், சரியாயிடுச்சு சார்" என்று சொல்லும் கஸ்டமர் பொய் சொல்வதில்லை. வெள்ளீய முலாம் பூசிய பின்கள் அதிர்விலும் சூடேறி ஆறுவதிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டே இருக்கும். உரசிய இடத்தில் ஆக்ஸைடு துகள் சேரும். கழற்றி மாட்டும்போது அது துடைபட்டுப்போகும், திரும்பவும் சேரும். தங்க முலாம் ஆக்ஸைடு ஆகாது என்றாலும் 'கோல்டு பிளேட்டட்' என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் நான் மயங்குவதில்லை. நல்ல கனெக்டரில் நிக்கலுக்கு மேல் சுமார் 0.76 மைக்ரான் தங்கம் இருக்கும். பளபளப்புக்காகப் பூசியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, சில தடவை செருகி எடுத்தாலே தேய்ந்துவிடும். ஒரு பக்கம் தங்கம், மறு பக்கம் வெள்ளீயம் என்று ஜோடி சேர்ப்பது அதைவிட மோசம்.

பர்ச்சேஸில் இருக்கும் தம்பி ஒருநாள் சார்ஜிங் ஒயர் சாம்பிள் கொண்டுவந்தான்.

"நல்லா தடியா இருக்கு சார், ரேட்டும் கம்மி."

"தடி உறையில இருக்கா, செம்புல இருக்கானு பாத்தியா?"

வெட்டினோம். உறைதான் தடி. ஓர் இழையை பிளேடால் சுரண்டினேன். சிவப்பு போய் வெள்ளை வந்தது. செம்பு பூசிய அலுமினியம். அதே பருமனில் செம்பைவிட மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு, வளைத்தால் ஒடிவதும் சீக்கிரம்.

சுத்தச் செம்பாகவே இருந்தாலும் பருமனைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்வது கேஜ் எண்; எண் கூடக்கூட ஒயர் மெல்லிசு. 28 கேஜ் செம்பில் ஒரு மீட்டர் ஒயர், போக வர சேர்த்து 0.43 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே 0.85 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் போனுக்குச் சேர்வது 4.15. அதே நீளம் 24 கேஜ் என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான். கேஜை உறையிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அச்சையும் நம்பாதவர்கள் ஒரு யூஎஸ்பி மீட்டரை மறுமுனையில் செருகி, லோடு கொடுத்து, கழுத்தை வளைத்தபடியே வோல்ட்டைப் பார்க்கலாம். தம்பி இப்போதெல்லாம் சாம்பிளோடு மீட்டர் ரீடிங்கையும் எழுதிக் கொண்டுவருகிறான்.