அப்பாச்சியை ஒருமுறை மூலநிரலில் இருந்தே நிறுவுங்கள்

திருகோணமலையில் கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்ல வேணும். அப்பாச்சி வெப் சேர்வரை, அதாவது இணையப் பக்கங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்பும் மென்பொருளை, ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம், உண்மைதான். ஆனால் ஒருமுறையாவது மூலநிரலை (source code) இறக்கி, கன்ஃபிகர் (தேவையானவை இருக்கின்றனவா என்று பார்ப்பது), மேக் (கட்டுவது), மேக் இன்ஸ்டால் (நிறுவுவது) என்று நீங்களே கட்டிப் பாருங்கள். அப்பாச்சிக்கு வேண்டிய ஏபிஆர் (APR), பிசிஆர்இ (PCRE) என்ற நிரல் நூலகங்கள் இல்லையென்றால் கன்ஃபிகர் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் பொறுமையாக வாசித்தால்தான் எது எதை நம்பி ஓடுகிறது என்று விளங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் போர்ட் என்பது இணைப்புகள் வந்து சேரும், எண் கொண்ட வாசல். 1024க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்க வழமையாக ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், வேணும். வெப்புக்குத் தேவை 80, 443. அதனால் அப்பாச்சி ரூட்டாகத் தொடங்கி போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையை அதிகாரம் குறைந்த வேறொரு பயனர் பெயரில் ஓடுகிற செயல்களிடம் (process) விட்டுவிடும். யாராவது ஓட்டை கண்டுபிடித்து நுழைந்தாலும் முழுக் கணினியும் உடனே அவர் கைக்குப் போகாது. என்ன அருமையான யோசனை!

அப்புறம், அப்பாச்சியின் அமைப்புகள் உள்ள கன்ஃபிக் கோப்பில் கை வைத்தால், மறுபடி தொடங்க முதல் அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் கன்ஃபிக்டெஸ்ட் (configtest) கட்டாயம். இன்னொன்று, மூலநிரலில் கட்டியது கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பாது. கணினி தொடங்கும்போது அதுவும் தொடங்கும்படி நீங்கள்தான் எழுதி வைக்க வேணும். மாரி மழைக்கு முதலே அதைச் செய்துவிடுங்கள்.

பழைய மடிக்கணினியே போதும். உவர்மலை, உப்புவெளிப் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், ஒரு ஞாயிறு பின்னேரம் சேர்ந்திருந்து செய்வோம்.