பனந்தும்பும் அகச்சிவப்பும்: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

தாவர நாரை எடுத்து எஃப்.டி.ஐ.ஆர். (பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் சோதனை, உறிஞ்சும் இடம் படத்தில் பீக்காகத் தெரியும்) செய்யலாம் என்று நினைக்கிற ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் பீக் எதுக்குன்னு ஒரு அட்டவணை இருக்கா?" என்பதுதான். அட்டவணை எல்லாரிடமும் இருக்கிறது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. இந்தப் பீக் இதற்குத்தான் சொந்தம் என்பதை உங்கள் நாரைக் கொண்டே காட்ட வேண்டும். என் ப்ராஜெக்ட்டை அப்படித்தான் அமைத்தேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. மட்டையின் அடிப்பகுதியைத் தட்டி எடுக்கிற தும்பு பிரஷ் செய்யப் போகும். அதையே எடுத்துக்கொண்டேன், ஒப்பிட்டுப் பார்க்கச் சீமைக்கருவேல மரத்தூள். ஒன்று ஒருவித்திலை, இன்னொன்று உண்மையான வன்மரம். இரண்டிலும் இருப்பது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற அதே மூன்றுதான் என்றாலும் அளவும் லிக்னினின் அமைப்பும் வேறு. இந்த ஒப்பீடு இருந்தால் பேச விஷயம் கிடைக்கும்.

நம் கடற்கரையில் மாதிரி எடுப்பவர்கள் கழுவுவதில் அவசரப்படக் கூடாது. உப்பைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் சோடியம் குளோரைடு நடு அகச்சிவப்பில் ஒன்றையும் உறிஞ்சாது. ஒரு காலத்தில் கருவிகளுக்கு ஜன்னலாகவே உப்புப் படிகத்தை வெட்டி வைத்தார்கள். கடலுப்போடு வருகிற சல்பேட் 1100 செ.மீ.⁻¹ அருகே தலைகாட்டும் (இனி வரும் பீக் எண்களும் இதே அலை எண் அலகில்தான்), மக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் விட மோசம் மணலில் கலந்திருக்கும் சிப்பி, பவளத் தூள். அது கால்சியம் கார்பனேட். 1420 முதல் 1480 வரை அகலமாக ஒரு பட்டை, 850 முதல் 880க்குள் கூர்மையாக இன்னொன்று. செல்லுலோஸின் படிகத்தன்மையைக் கணிக்க நாம் விகிதம் எடுக்கும் 1430, 897 பீக்குகளுக்குப் பக்கத்திலேயே இரண்டும் வந்து உட்காரும். விகிதத்தைக் கெடுக்க இது போதும். அரைத்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மாதிரி வேண்டாம். நாரை அரைப்பதற்கு முன்பே காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, அடியில் தங்கும் மணலை விட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் பொட்டாசியம் புரோமைடு பெல்லட் (மாதிரியைக் கலந்து அழுத்திய ஒளிபுகும் வில்லை) போடுவது இங்கே பெரிய பாடு. 105 டிகிரியில் உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) வைத்ததை வெளியே எடுத்ததும் கல்வத்தில் அரைத்து உடனே அழுத்திவிட வேண்டும். ஒன்றிரண்டு மில்லிகிராம் மாதிரிக்கு 200 மில்லிகிராம் வரை புரோமைடு. தாமதித்தால் பெல்லட் மங்கிவிடும், 3400 பக்கம் வீங்கும், 1640ல் நீரின் பீக் எழும். அந்த 1640ஐ லிக்னின் கணக்கில் எழுதியிருக்கும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். நாரை மறுபடி உலர்த்தி ஓட்டினால் அது குறையும். குறைந்தால் நீர், அவ்வளவுதான்.

ஏ.டி.ஆர். (மாதிரியை ஒரு படிகத்தின் மேல் அப்படியே அழுத்தி ஓட்டும் இணைப்பு) இருந்தால் பெல்லட் தொல்லை இல்லை. ஆனால் அது மேற்பரப்பில் ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழம்தான் பார்க்கும். முழு நாரை அப்படியே அழுத்தினால் மேலிருக்கும் மெழுகுதான் 2920லும் 2850லும் எடுப்பாகத் தெரியும். தூளாக்கி வையுங்கள்.

சரி, முக்கியமான வேலைக்கு வருவோம். ஒரே தும்பிலிருந்து படிப்படியாக ஒவ்வொன்றையும் நீக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுங்கள். முதலில் சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைச் சுழற்றிச் சுழற்றிக் கரைத்தெடுக்கும் கருவி) மெழுகும் பிசினும் போகட்டும். அடுத்து அசிட்டிக் அமிலம் சேர்த்த சோடியம் குளோரைட் (NaClO₂, சாப்பாட்டு உப்பான குளோரைடு அல்ல) கரைசலில் 70 டிகிரிக்கு மேல் வைத்து லிக்னினை எடுக்க வேண்டும். குளோரின் டை ஆக்சைடு வெளிவரும் என்பதால் புகைக்கூண்டு இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். முடிந்த பிறகு பாருங்கள், 1505ல் இருந்த பீக் காணாமல் போயிருக்கும். ஆனால் 1735 அசையாமல் நிற்கும். லிக்னின் போன பிறகும் நிற்கிறது என்றால் அதில் பெரும்பங்கு ஹெமிசெல்லுலோஸின் அசிட்டைல் எஸ்டருக்குச் சொந்தம் என்று உங்கள் கையிலேயே ஆதாரம் இருக்கிறது. இந்த இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எந்த அட்டவணையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது காரம். சோடியம் ஹைட்ராக்சைடு பட்டதும் 1735 போய்விடும், 1240ம் இறங்கும். "ஹெமிசெல்லுலோஸ் முழுக்க நீங்கியது" என்று உடனே எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். காரம் முதலில் செய்வது எஸ்டரை உடைப்பது. அசிட்டைல் தொகுதி அசிட்டேட்டாகக் கழன்று போனாலே 1735 மறையும், ஹெமிசெல்லுலோஸின் சைலான் சங்கிலி நாரிலேயே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஆகவே ஸ்பெக்ட்ரத்தோடு எடையிழப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். என்னிடம் வெளித்தேர்வாளர் துருவித் துருவிக் கேட்டது இந்த இடத்தைத்தான். எடைக் கணக்கு கையில் இருந்ததால் பதில் சுலபமாக வந்தது.

வைவாவில் அடிப்படையும் கேட்பார்கள். பின்னணி ஸ்பெக்ட்ரத்தில் 2350ல் கார்பன் டை ஆக்சைடு தெரிகிறது, காற்றில் அதைவிடப் பல மடங்கு இருக்கும் நைட்ரஜன் ஏன் தெரியவில்லை? அதிரும்போது இருமுனைத் திருப்புத்திறன் மாறினால்தான் உறிஞ்சல், நைட்ரஜனில் அது மாறாது. நெட், டி.ஆர்.பி. ஆகிய ஆசிரியர் தகுதி, பணித் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களுக்கும் இது உதவும். இன்னொரு கேள்வி, பனை மரமா? தாவரவியல்படி அதற்கு இரண்டாம் நிலைக் கட்டை கிடையாது. அதனால் ஆய்வேட்டில் "மரநார்" என்று பொதுவாக எழுதாமல் "பனை மட்டை நார்" என்றே எழுதுங்கள்.

காரைக்குடியோ மதுரையோ, வெளியே மாதிரி கொடுத்து ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் பீக் எண் அச்சிட்ட படத்தை மட்டும் கையில் கொடுப்பார்கள். எண் தரவுக் கோப்பையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அடிக்கோட்டைச் சரிசெய்யவும் முடியாது, படிகளை ஒரே படத்தில் ஒப்பிடவும் முடியாது. எல்லா மாதிரிகளையும் ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே பிரிதிறனில் ஓட்டச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.